ரோஸ் கலர் கிளிப்

முனியசாமிக்குக் காய்ச்சல் வந்தால் யாரிடமும் சொல்ல மாட்டான். அஜ்மானில் எங்கள் அறையில் ஆறு பேர். அவன் கட்டில் என் கட்டிலுக்கு எதிரே. போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடப்பான், கேட்டால் "ஒண்ணுமில்ல பாய்" என்பான். காரணம் தெரிந்தபிறகு நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

விமானப் பைத்தியம் அவனுக்கும் அதே அறையில் இருந்த சேதுபதி அண்ணனுக்கும் 2005இல் ஒன்றாகத்தான் பிடித்தது. இருவரும் முதுகுளத்தூர்ப் பக்கம், ஒரே கம்பெனியில் ஏசி வேலை. ரிமோட்டில் பறக்கும் தெர்மோகோல் விமானம், புதிதாகக் கற்பவர்களுக்கானது. சார்ஜா கடைக்காரர் "அலக் சேனல் லேலோ பாய்" என்று, வேறு வேறு சேனல் உள்ள பெட்டிகளை நீட்டியிருக்கிறார். பழைய சரக்கைத் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்து, இந்த இரண்டு மேதாவிகளும் அச்சுப் பிசகாமல் ஒன்றுபோல் இருந்த இரண்டைப் பொறுக்கி வந்தார்கள்.

முதல் வெள்ளிக்கிழமையே வினை தெரிந்தது. அண்ணன் விமானம் மேலே பறக்க, கீழே முனியசாமி தன் ரிமோட்டை ஆன் செய்தான். இரண்டுக்கும் ஒரே சேனல். யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் விமானம் துடிதுடித்து மண்ணில் மூக்கைக் குத்தியது.

அதற்குப் பிறகு அண்ணன் ஒரு சட்டம் போட்டார். பால்கனிக் கொடியில் துணிக்கு மாட்டும் ரோஸ் கலர் கிளிப் ஒன்றை எடுத்துவந்தார். அது யாரிடம் இருக்கிறதோ அவர்தான் ரிமோட்டை ஆன் செய்யலாம். மற்றவர் சும்மா நிற்க வேண்டும்.

அண்ணனுக்குச் சீக்கிரம் கை வந்துவிட்டது. முனியசாமிக்கு விமானம் விலகிப் போகும்வரை சரி. அது திரும்பி நம்மை நோக்கி வந்தால் இடம் வலமாகிவிடும். அங்கேதான் குழம்பி மண்ணில் சொருகிவிடுவான். "எந்த ரெக்க சாயுதோ அந்தப் பக்கம் ரிமோட் குச்சியத் தள்ளுடா, முட்டுக் குடுக்குற மாதிரி!" என்று அண்ணன் கத்துவார். கத்திவிட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு இவனைச் சுட்டது. அவர் பார்க்காதபோது ஒரு தடவையாவது ஒழுங்காகத் தரையிறக்கிவிட வேண்டும் என்று நினைத்தான்.

அடுத்த மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை, துபாயில் எமர்ஜென்சி டூட்டி இவனுடைய முறை. காலையில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு "அண்ணே, காய்ச்சல்" என்றான். அண்ணன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். இவனுக்குப் பதிலாகத் தானே டூட்டிச் சட்டையை மாட்டினார். ஆணியில் இருந்த கிளிப்பை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"காய்ச்சக்காரனுக்கு இது எதுக்கு? வந்து தாறேன்." சிரித்துக்கொண்டே போனார்.

வேன் கிளம்பியதும் இவன் எழுந்து விமானம் விடும் திடலுக்குப் போனான். கிளிப் இல்லாமலே ரிமோட்டை ஆன் செய்தான். அன்றைக்குத்தான் விமானம் அவன் பேச்சைக் கேட்டது. திரும்பி வந்து, காலடியில் பூப்போல இறங்கியது. தனியாக நின்று கை தட்டிக்கொண்டானாம். அறைக்கு வந்தபோது நாங்கள் எல்லோரும் வாசலில் நின்றிருந்தோம். வேன் வழியிலேயே உருண்டுவிட்டது, அண்ணன் போய்விட்டார்.

அவர் பையில் இருந்ததெல்லாம் உடலோடு ஊருக்குப் போயிற்று. ஒரு மாதம் கழித்து அவர் மனைவி நாகவள்ளி மதினி முனியசாமியிடம் போனில் கேட்டார்: "தம்பி, ரோஸ் கலர்ல ஒரு துணி கிளிப்பு இருந்துச்சே, அது ஏது?"

"தெரியல மதினி."

கிளிப்பைச் சொன்னால் டூட்டியைச் சொல்ல வேண்டும். டூட்டியைச் சொன்னால் காய்ச்சலைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு போனிலும் வாய் வரை வந்ததை விழுங்கினான். மாதங்கள் போகப் போக மதினியின் கேள்வி மாறியது. "அங்க அவருக்குப் பொம்பளப் பழக்கம் எதுவும் இருந்துச்சா? அவ வீட்டுக் கொடிக் கிளிப்பா?" அதற்கும் இந்தப் பாவி அடித்துப் பேசாமல் திணறியிருக்கிறான். செத்த மனுஷன் மேல் பழி ஏறிக்கொண்டிருந்தது.

இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது ஒரு வருடம் கழித்து, அவன் என்னைத் திடலுக்குத் துணைக்குக் கூப்பிட்ட அன்று. விமானம் மேலே போய், எங்களை நோக்கித் திரும்பியது. திரும்பியதும் துடித்தது. ஒரு ரெக்கை சாய்ந்தது. முனியசாமி விரல்களை எடுத்துவிட்டு ரிமோட்டை என்னிடம் காட்டினான்.

"நான் தொடல பாய். பாருங்க, நான் தொடல."

சாய்ந்த ரெக்கை மெல்ல நிமிர்ந்தது, யாரோ முட்டுக் கொடுத்த மாதிரி. அந்த வகை விமானம் தானாகவே நிமிரும் என்று பெட்டியில் எழுதியிருந்தது எனக்கும் தெரியும். ஆனாலும் சுற்றிலும் பார்த்தோம், வெறும் மணல். அண்ணனுடைய ரிமோட் அறையில், பேட்டரி இல்லாமல் கிடந்தது. முனியசாமி மண்ணில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினான்.

எனக்கு வந்த கோபத்தில் அறைந்திருப்பேன். போனைத்தான் அவன் கையில் திணித்தேன். "இப்பவே சொல்லு. ஸ்பீக்கர்ல போடு."

கிளிப் சட்டம், காய்ச்சல், கைதட்டல் என்று எதையும் மறைக்காமல் சொன்னான். மதினி ஒன்றுதான் கேட்டார்:

"அது யாருகிட்ட இருக்கோ அவங்கதான் விடணும். அப்படித்தான தம்பி?"

"ஆமா மதினி."

"இப்ப எங்கிட்ட இருக்கு. நான் சொல்ற வரைக்கும் நீங்க தொடக்கூடாது."

வைத்துவிட்டார்.

மூன்று வருடமாகிறது. இரண்டு விமானங்களும் அலமாரியின் மேல் கிடக்கின்றன. மதினி இன்னும் போன் செய்கிறார். மழை, பிள்ளை படிப்பு, எல்லாம் பேசுகிறார். கடைசியில் "வேறென்ன தம்பி?" என்பார். இவன் அந்த அனுமதிக்காகப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நிற்பான். "சரி, வைக்கிறேன்" என்பார்.