அடிவாரத்து அப்பாதுரை

பெருங்காயத்தை அப்பாதுரை முதலில் வாழைச் சருகில் மடிப்பார். அதன்மேல் பாலித்தீன் பை, ரப்பர் பேண்டு. அதற்கும் மேலே மனைவியின் பழைய நைட்டியில் கிழித்த துணி. பிறகு மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்து, "இன்னும் வருது" என்று சலித்துக்கொண்டு இன்னொரு சுற்றுச் சுற்றுவார். ஒருமுறை ஏதோ ஒரு விமான நிலையத்தில் போலீஸ் நாய் அவருடைய பெட்டியின் முன்னால் உட்கார்ந்துகொண்டு நகர மறுத்துவிட்டது. அதிகாரி பொட்டலத்தைப் பிரித்து மோந்தார். அதன்பின் அவரும் ஒன்றும் கேட்கவில்லை, நாயும் எழுந்து போய்விட்டது.

சாம்பார்ப்பொடி, பருப்புப்பொடி, இட்லி ரவை, உளுந்து மாவு, இந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்கிற வறுத்த வேர்க்கடலை என்று கூடம் முழுக்கப் பரப்பி வைத்திருக்கிறார். எல்லாம் நேபாளம் போகின்றன. அப்பாதுரை போகவில்லை. முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டதென்று விழுப்புரத்து டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சொல்லிவிட்டார். இந்த வருஷம் வேறு சமையல்காரர். அவருக்குப் பொடி அரைக்கத் தெரியாது என்பதில் அப்பாதுரைக்குக் கொஞ்சம் வருத்தம், கொஞ்சம் சந்தோஷம்.

திண்டிவனத்திலிருந்து பாண்டிச்சேரி போகிற சாலையில் கிளியனூரில் இறங்கி வெறுமனே அப்பாதுரை வீடு என்று கேட்டால் எந்த அப்பாதுரை என்பார்கள். ஃபாரின் அப்பாதுரை என்றால் வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். முப்பது வருஷம் கல்யாணச் சமையல் செய்தவர். மேல்மலையனூரில் ஒரு அமாவாசை அன்னதானத்தின்போது, அத்தனை நெரிசலிலும் குரலை உயர்த்தாமல் அண்டா அண்டாவாக இறக்கிக்கொண்டிருந்த மனிதரைச் செல்வகுமார் பார்த்தார். செல்வகுமார் திண்டிவனத்துக்காரர். நல்ல கம்பெனி வேலையை உதறிவிட்டு, ஆட்களைச் சேர்த்து வெளிநாட்டு மலைகளுக்கும் குகைகளுக்கும் அழைத்துப்போகிற தொழிலில் இறங்கியிருந்தார். ஒரு குழுவுக்குப் பன்னிரண்டு பேர், அவ்வளவுதான். முதல் பயணத்திலேயே அவருக்கு ஒன்று விளங்கிவிட்டது. நம்மவர்கள் பனியைத் தாங்குவார்கள், பாறையைத் தாங்குவார்கள், கூடாரத்துக்குள் மழைத்தண்ணீர் புகுந்தாலும் சிரித்துக்கொண்டே படம் எடுப்பார்கள். மூன்றாம் நாள் ராத்திரி ரசம் இல்லையென்றால் மட்டும் முகம் தொங்கிப்போகும். அப்படித்தான் அப்பாதுரைக்குப் பாஸ்போர்ட் வந்தது.

அதன்பின் ஒன்பது வருஷம் அவர் போகாத இடம் இல்லை. வெளிநாடு கிளம்புகிற சுற்றுவட்டாரத்து ஆட்கள் அவரைத் தேடி வந்து யோசனை கேட்பார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு அனுப்புகிற பழக்கம் அவருக்கு இல்லை. "புது ஷூ வாங்கிக்கினு நேரா மலைக்குப் போவாதீங்க. ஒரு மாசம் செஞ்சிக் கோட்டை ஏறி எறங்குங்க, கடிச்சா இங்கயே கடிக்கட்டும்." "பன்னெண்டு பேருக்கு மேலன்னா போவாதீங்க. அது டூரு இல்ல, கல்யாணம்." "கூடாரத்துல கூடப் படுக்கறவன் குறட்டை வுடுவானான்னு ஏர்போர்ட்லயே கேட்டுடுங்க. அப்புறம் வெக்கப்பட்டுக்கினு இருந்தா உங்களுக்குத்தான் பேஜாரு." உயரத்தில் காற்று குறைந்து தலைவலி வந்தால் வழிகாட்டியிடம் மறைக்கக் கூடாது என்பதை மட்டும் கொஞ்சம் கடுமையாகவே சொல்வார். மேலே போகப் போக நம் ஆட்கள் எல்லாரும் நன்றாக இருப்பதாகவே சொல்வார்களாம். தட்டில் மிச்சம் வைத்த சோறு வேறு மாதிரி சொல்லுமாம்.

யோசனை எல்லாம் சரி. அந்த மலை எப்படி இருந்தது என்று கேட்டால்தான் வண்டி நின்றுவிடும். "எவரெஸ்ட் பாத்தியா மாமா?" என்று தெருவில் கேட்டார்கள். "மேகம் மூடிக்கினு இருந்துச்சு. பருப்பு வேகவே இல்லப்பா" என்றார். கிளிமஞ்சாரோவில் மேலே சமைக்க அந்த ஊர் ஆட்களே இருந்தார்களாம். இவர் அடிவாரத்து விடுதியில் புளிக்காய்ச்சல் கிண்டிக் கொடுத்துவிட்டு ஏழு நாள் காத்திருந்தார். வியட்நாமில் பெரிய குகை. உள்ளே ஆறே ஓடுகிறதென்று போனவர்கள் சொன்னார்கள். அப்பாதுரை குகை வாசலில் வெண்பொங்கல் கிளறிக்கொண்டிருந்தார். குழு எப்போதும் இருட்டிலேயே புறப்படும். இவர் அதற்கும் முன்னால் எழுந்து கஞ்சி வைத்துக் கொடுத்து, டார்ச் வெளிச்சங்கள் வரிசையாக ஏறுவதைப் பார்த்துவிட்டுப் பாத்திரம் கழுவ உட்கார்ந்துவிடுவார். உலகத்தில் இத்தனை மலைகளின் காலடியைப் பார்த்தவர் நம் ஜில்லாவில் வேறு யாரும் இருக்க முடியாது. ஒன்றின் தலையைக்கூட அவர் பார்த்ததில்லை.

இது அவரைவிட அவர் மனைவி கிருஷ்ணவேணிக்குத்தான் அதிகம் உறுத்தியது. அந்த அம்மாள் கோலியனூரில் பிறந்து கிளியனூரில் வாழ்க்கைப்பட்டவர். ஏரோபிளேனை அண்ணாந்துதான் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் புருஷன் திரும்பி வந்து காலைக் கழுவுமுன் ஒரே கேள்விதான். "மேல போனீங்களா?" இல்லை என்பார். "நான்தான் எங்கயும் போவல, எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க அவ்ளோ தூரம் போய் அங்கயும் அடுப்படியிலதான் குந்திக்கினு வர்றீங்க. அதுக்கு இங்கயே இருக்கலாமே." கோபமாகச் சொன்னாலும் அதில் கோபம் கொஞ்சம்தான். எங்கேயும் போகாத தனக்கும் சேர்த்து இந்த மனிதர் ஒன்றையாவது கண்ணால் பார்த்துவந்து சொல்லமாட்டாரா என்ற ஆசைதான் மிச்சமெல்லாம்.

போன ஆகஸ்டில் கிர்கிஸ்தான் கிளம்பியபோதே முழங்கால் வலி கூடியிருந்தது, இதுதான் கடைசிப் பயணம் என்று இருவருக்கும் தெரியும். "இந்தத் தடவ ஏறிப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லணும்" என்று கிருஷ்ணவேணி கையை நீட்டினார். அப்பாதுரை அதில் அடித்துச் சத்தியம் செய்தார். செல்வகுமாரிடமும் வாயைத் திறந்து கேட்டுவிட்டார். ஒன்பது வருஷத்தில் அவர் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான். செல்வகுமார் அப்போதே அந்த ஊருக்குப் போன் போட்டு, முழங்காலுக்குத் தொந்தரவு இல்லாதபடி ஒரு குதிரைக்குச் சொல்லிவைத்தார்.

அது குதிரை மேய்ப்பவர்களின் மலைநாடு. கடைசி முகாமுக்கு மேலே ஒரு கணவாய். கணவாய்க்கு அந்தப் பக்கம் ஒரு ஏரி. ஏறி நின்றால்தான் தெரியும், கீழிருந்து எவ்வளவு எட்டிப் பார்த்தாலும் தெரியாது. குழுவில் எல்லாரும் போகிற வழியெல்லாம் அந்த ஏரியைப் பற்றியே பேசிக்கொண்டு நடந்தார்கள். அப்பாதுரை மாவைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு நடந்தார். மலைமேல் இட்லி சுடவேண்டும் என்பது அவருக்குப் பழைய ஆசை. ரவையும் உளுந்து மாவும் கரைத்துத் தூக்குவாளியில் வைத்திருந்தார். குளிரில் அது புளிக்கவே இல்லை. முகாம் மாறும்போதெல்லாம் தூக்கும் மூட்டையோடு ஏறி வந்தது. தன் ஸ்வெட்டரைக் கழற்றி அதற்குப் போட்டார். கடைசி முகாமில் அதை ஸ்லீப்பிங் பேகுக்குள் வைத்து, பிள்ளையை அணைத்துக்கொள்வதுபோல வயிற்றோடு அணைத்துக்கொண்டு படுத்தார்.

விடியுமுன் எழுந்தபோது தூக்கின் மூடி ஒரு பக்கம் தூக்கியிருந்தது. மாவு பொங்கிவிட்டது.

வெளியே எல்லாரும் தயார். குதிரைக்குச் சேணம் பூட்டி நிறுத்தியிருந்தது. அப்பாதுரையும் ஷூவெல்லாம் மாட்டிக்கொண்டு, கையில் தூக்கோடு வந்து நின்றார்.

"அண்ணே, ஜல்தியா ஏறுங்க. வெயில் வந்தா மேல மேகம் கட்டிக்கும்" என்றார் செல்வகுமார்.

"தம்பி, மாவு பொங்கிடுச்சுப்பா."

"பொங்கட்டும்ணே. வந்து பாத்துக்கலாம்."

"வர்றதுக்குள்ள புளிச்சி வீணாப் பூடும். நீங்கல்லாம் பசியோட எறங்கி வருவீங்க. சூடா இட்லி இருந்தா எப்டி இருக்கும், சொல்லு. நீங்க போங்க. நான் நாளைக்கு ஏறிப் பாத்துக்கறேன்."

"நாளைக்கு நாம கீழ எறங்கறோம்ணே."

குழுவில் விழுப்புரத்துப் பல் டாக்டர் கலைப்பிரியாவும் இருந்தார். அவர் வந்து கையைப் பிடித்தே இழுத்தார். "அண்ணா, இட்லிய நாங்க விழுப்புரத்துல சாப்ட்டுக்கறோம். நீங்க வாங்கண்ணா." அப்பாதுரை சிரித்துக்கொண்டே கையை விடுவித்துக்கொண்டார். பன்னிரண்டு பேரும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். அவருடைய பணிவான மறுப்பில் ஒரு பிடிவாதம் உண்டு, அதை யாராலும் அசைக்க முடியாது. அவர்கள் ஏறிப் போனார்கள். குதிரை முகாமிலேயே புல் மேய்ந்தது.

அன்றைக்கு இட்லி பூவாக வந்தது. தேங்காய்ப்பொடியைக் கரைத்துச் சட்னியும் தாளித்து, போர்வையால் பாத்திரத்தைச் சுற்றி வைத்துக் காத்திருந்தார். குழு இறங்கி வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. உயரத்துக்குப் போய் வந்தவர்களுக்குப் பசி இருக்காது என்று எல்லாருக்கும் எடுத்துச் சொல்கிறவர் அவர்தான். "சூப் மட்டும் போதும்ணே" என்றார்கள். அதைக் குடித்தவர்கள் அப்படியே படுத்துவிட்டார்கள். கலைப்பிரியா மட்டும் அவர் மனது கோணக் கூடாதென்று ஒரு இட்லியை எடுத்து, பாதியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். சேணத்தை அவிழ்க்க வந்த குதிரைக்காரர்தான் சட்னியைத் தொடாமல், இட்லியைச் சர்க்கரையில் தோய்த்து வயிறு முட்டச் சாப்பிட்டார். மிஞ்சியதை மறுநாள் காலையில் உதிர்த்து உப்புமா ஆக்கினார் அப்பாதுரை. எல்லாரும் பிரமாதம் என்றார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தச் சொல் அவருக்குக் கசந்தது.

வீட்டுக்கு வந்து நடந்ததை ஒரு வேடிக்கைபோலத்தான் சொன்னார். குதிரைக்காரர் சர்க்கரை தொட்டுக்கொண்டதை நடித்தும் காட்டினார். கிருஷ்ணவேணி சிரிக்கவில்லை.

"அங்க ஃபிரிட்ஜுக்குள்ள இருக்கற மாதிரி குளுருதுன்னு நீங்கதான போன்ல சொன்னீங்க?"

"ஆமா."

"ஃபிரிட்ஜுல வச்ச மாவு சாயங்காலத்துக்குள்ள புளிச்சிடுமா?"

 அந்தத் தூக்கைக் கூடாரத்துக்கு வெளியே கல்லின்மேல் வைத்திருந்தால் போதும், ராத்திரிவரை அப்படியே இருந்திருக்கும். முப்பது வருஷச் சமையல்காரருக்கு இது தெரியாதா? அன்று விடியற்காலையில் தூக்கோடு நின்றபோதே தெரியும். கிருஷ்ணவேணி அதற்குமேல் கேட்கவில்லை. எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் வைத்தார். மேலே போனீங்களா என்ற அந்தக் கேள்வி அன்றோடு நின்றது. அது நின்றதுதான் அப்பாதுரையை இன்றுவரை அறுக்கிறது.

மனம் விட்டுப் பேசுகிறவர்களிடம் மட்டும் உண்மையைச் சொல்வார். "மாவு மேல பழியப் போட்டுட்டேன் சார். எல்லாரும் மூச்சு வாங்கிக்கினு ஏர்றாங்க. நான் குதிரை மேல குந்திக்கினு, கையில ஒரு வேலையும் இல்லாம போவணும். எனக்கு அது வரல. சமைச்சவனே மொதப் பந்தியில எலயப் போட்டுக்கினு குந்துன மாரி கூச்சமா பூட்ச்சு. மாவு பொங்கினு இருந்ததப் பாத்ததும், அப்பாடான்னு இருந்துச்சு சார். அந்த அப்பாடாதான் என்னைக் கெடுத்துடுச்சு. கால் இருக்கறப்ப கூச்சப்பட்டேன். இப்ப கூச்சம் இல்ல, காலும் இல்ல."

அதிலிருந்து அவருடைய யோசனைகளோடு ஒன்று கூடியிருக்கிறது. ஷூவையும் குறட்டையையும் பற்றிச் சொல்லி முடித்து, வந்தவர்கள் வண்டியில் ஏறப்போகும் சமயம் வாசல்வரை வந்து சொல்கிறார். "உங்க கூட சமையலுக்கு ஆளு வந்தா, அவனையும் மேல இழுத்துக்கினு போங்க. வரலன்னுதான் சொல்லுவான். வேல கெடக்குதும்பான். கேக்காதீங்க." வந்தவர்கள் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். அவர்களில் எத்தனை பேர் அதை ஞாபகம் வைத்துக்கொள்வார்கள் என்று சொல்வதற்கில்லை.

போன வாரம் கலைப்பிரியா அந்தப் பயணத்தின் படங்களை ஒரு வழியாகத் தேடி எடுத்து அப்பாதுரைக்கு அனுப்பிவைத்தார். கிருஷ்ணவேணி தோட்டத்துப் பக்கம் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். அப்பாதுரை போனை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து நீட்டினார். அந்த அம்மாள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். ஏரி. சுற்றிலும் பனி, நடுவில் அப்படி ஒரு நிறத்தில் தண்ணீர். மயில் கழுத்து நிறம் என்று சொல்லலாம், அதுவும் போதாது. வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குது" என்றார் கடைசியில். அவர் குரலில் பழைய கோபம் இல்லை. "இங்க எல்லாரும் நிக்கறாங்க. நீங்க எங்க இருந்தீங்க?"

அப்பாதுரை போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ஏரிப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளி, கணவாயின் மேலிருந்து, ஏறி வந்த வழியைத் திரும்பிப் பார்த்து யாரோ எடுத்திருந்த ஒரு படத்தில் நிறுத்தினார். வெறும் பாறையும் பள்ளத்தாக்கும். அதன் அடியில் இரண்டு விரல்களை வைத்து விரித்தார். மறுபடி விரித்தார். சாம்பல் நிறத்துக்கு நடுவே நீலமாக ஒரு புள்ளி வந்தது, சமையல் கூடாரம்.

"தோ, இதான் நானு" என்றார்.

கிருஷ்ணவேணி இன்னும் கிட்டே குனிந்தார். அவருக்காக அப்பாதுரை மறுபடி விரல்களை விரித்தார். படம் அதற்குமேல் பெரிதாகவில்லை. அவர் விரித்துக்கொண்டே இருந்தார்.