சமையலறைக்கு அவர் பார்த்த வெள்ளை

மருத்துவமனை ஸ்டோரில் முப்பத்தோரு வருஷம் பொறுப்பாளராக இருந்தவர் அவர். ஒரு பஞ்சுப் பொட்டலம் வேண்டுமென்றாலும் மூன்று கையெழுத்து கேட்பார். அதனால் நர்சுகள் ‘கையெழுத்து சார்’ என்று பேர் வைத்திருந்தார்கள். அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. கோபம் வரவில்லை, உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான். கட்டில், பக்கெட், பினாயில், பெயிண்ட் என்று அவர் கைபடாமல் அந்தக் கட்டடத்துக்குள் எதுவும் போனதில்லை. ஓய்வுபெற்ற பிறகு வீட்டிலும் அதே நிர்வாகம்தான் நடந்தது. சோப்பு தீர்வதற்கு நாலு நாள் முன்பே புது சோப்பு வந்துவிடும். எந்த சோப்பு என்று தீர்மானிப்பதும் அவர்தான்.

அவர் மனைவிக்கு ஆறு வருஷமாகக் கண் மங்கிக்கொண்டு வந்தது. விழித்திரையின் நடுப்பகுதி தேய்கிறது, நிறுத்த முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நேராகப் பார்த்தால் புகைமூட்டம். தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்தால் ஏதோ கொஞ்சம் பிடிபடும். ஒரு காலத்தில் பெரிய தையல் கடை ஒன்றில் நூல் பொருத்தம் பார்த்தவள் அவள். வாடிக்கையாளர் துணியை மேசைமேல் போடுவதற்குள், அதற்கான நூல்கண்டு அவள் கையில் இருக்கும் என்று அந்தக் கடைக்காரர்கள் இன்னமும் சொல்வார்கள். கண் இப்படி ஆன பிறகும் சமையலறையை அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. பழைய சமையலறை கரி பிடித்துக் குகை மாதிரி இருக்கும். அதற்குள் ஒரு டம்ளர்கூட அவள் கையிலிருந்து விழுந்ததில்லை.

ஈரம் ஊறி அதன் சுவர் பெயர ஆரம்பித்ததும், பக்கத்து அறையோடு சேர்த்து இடித்துப் புதுச் சமையலறை கட்டினார்கள். பூச்சு காய்ந்து, பெயிண்ட் மட்டும் பாக்கி. “நானும் கடைக்கு வரேங்க” என்றாள் அவள். அவருக்கு ஆச்சரியம். வெளியே வருவதையே குறைத்துக்கொண்டவள். சரி, காற்றாட வரட்டும் என்று கூட்டிப்போனார்.

கடையில் பெயிண்டர் முன்னாலேயே வந்து காத்திருந்தார். கவுண்டரில் இருந்த பெண் கலர் புத்தகத்தை விரித்து அவள் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

“அம்மா, உங்களுக்கு எந்த மாதிரி கலர் வேணும்?”

அவள் புத்தகத்தைக் கன்னத்தோரமாகத் தூக்கி, தலையைச் சாய்த்து, ஒவ்வொரு ஏடாகத் தடவிப் பார்த்தாள். “இதுல பளபளப்பு இல்லாதது எதும்மா?” என்று கேட்டாள்.

பின்னால் இரண்டு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அது சங்கடமாக இருந்தது.

“அவளை ஏம்மா கேக்குற? அவளுக்கு எந்தக் கலரா இருந்தா என்ன, தெரியவா போகுது? வெள்ளை போடு. கப்பல் மார்க்குல பளபளன்னு இருக்கும் பாரு, அது. துடைச்சா அழுக்கு போகணும், அவ்வளவுதான். முப்பது வருஷம் இதைத்தான் வாங்கிப் போட்டிருக்கேன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். பெயிண்டரும் சேர்ந்து சிரித்தார். அவள் புத்தகத்தை மூடிக் கவுண்டர்மேல் வைத்தாள். விளிம்பு சரியாகத் தெரியாமல் அது கீழே விழுந்தது. அந்தப் பெண் குனிந்து எடுத்துக்கொண்டாள். திரும்பி வரும் வழியெல்லாம் அவள் பேசவில்லை. அசதி என்று அவர் நினைத்துக்கொண்டார்.

சமையலறை பால் மாதிரி ஆகிவிட்டது. வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கைப் போட்டுக் காட்டினார். முதல் வாரத்திலேயே இரண்டு தட்டு உடைந்தது. கொதிக்கிற தண்ணீர் காலருகே கொட்டியது. “புது இடம், பழகிடும்” என்றார். அவள் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, யாரோ ஒருத்தர் வீட்டுக்குள் போவதுபோல அதற்குள் போய்வந்ததை அவர் பார்க்கத்தான் செய்தார். பார்த்தது மனதில் ஏறவில்லை.

ஒரு நாள் காலை காய்கறிப் பையோடு வந்தவர், சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார். விளக்கு அணைந்திருந்தது. ஜன்னல் பாதி சாத்தியிருந்தது. மேடைக்குப் பின்னால், அடுப்புக்கு எட்டாத தூரத்தில், பழைய கருநீல பெட்ஷீட் ஒன்று சுவரை மறைத்துத் தொங்கியது.

“என்ன பண்ணி வச்சிருக்க? புதுச் சுவத்துல ஆணி அடிச்சியா?”

“ஆணியெல்லாம் இல்ல. ஜன்னல் கம்பியிலயும் அலமாரி பிடியிலயும் கட்டியிருக்கேன்.”

“எதுக்கு?”

“வெள்ளைக்கு முன்னாடி வெள்ளைத் தட்டு தெரியல. ஸ்டீலும் தெரியல. லைட்டைப் போட்டா சுவரு முழுக்கக் கூசுது, எல்லாம் ஒண்ணா கரைஞ்சு போயிடுது. பின்னால கறுப்பா ஏதாவது இருந்தா விளிம்பாவது தெரியும்.”

“இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன?”

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கை நின்றது.

“சொல்லத்தாங்க கடைக்கு வந்தேன்.”

மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். அவருக்குக் காது இரண்டும் சுட்டது. பையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. கடையில் தான் சொன்ன வார்த்தை, தன் குரலிலேயே, அத்தனை சத்தமாகத் திரும்பக் கேட்டது. அதைவிட அந்தச் சிரிப்பு. நூல் பார்த்துப் பேர் வாங்கியவளை, கலர் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கும்போது, நாலு பேர் நடுவில் வைத்துச் சிரித்திருக்கிறார்.

மறுநாள் அவளிடம் சொல்லாமல் கடைக்குப் போனார். கவுண்டரில் அதே பெண்.

“வாங்க சார். அம்மா வரலையா?”

“இல்லம்மா. அடர்த்தியா ஒரு கலர் வேணும். பளபளப்பு கூடாது. நீலமோ பச்சையோ, நீயே நல்லதா ஒண்ணு பாத்துக் குடுத்துடு.”

அந்தப் பெண் புத்தகத்தைத் திறக்கவில்லை. “அம்மாகிட்ட கேட்டீங்களா சார்?”

மரியாதையாகத்தான் கேட்டாள். ஒரு கையெழுத்து குறைகிறது என்று எத்தனையோ பேரை வாசலிலிருந்தே திருப்பி அனுப்பியவர், இல்லை என்று தலையை ஆட்டினார்.

“அன்னைக்கு நீங்க முன்னால போயிட்டீங்க. அம்மா என்கிட்ட, ‘புஸ்தகம் கசங்கிடுச்சாம்மா, தப்பா நினைச்சுக்காதே’ன்னு சொல்லிட்டுப் போனாங்க சார்.”

வீட்டுக்கு வந்து, “நாளைக்கு நாம ரெண்டு பேரும் பெயிண்ட் கடைக்குப் போலாமா?” என்று மெல்லக் கேட்டார்.

“அங்க நான் வரமாட்டேன்.”

“வேற கடை?”

“எந்தக் கடைக்கும் வரல. வேணும்னா இங்க கொண்டு வந்து காட்டுங்க.”

ஐந்து குட்டி டப்பாக்கள் வாங்கிவந்தார். பளபளப்பும் இருக்கக் கூடாது, எண்ணெய்ப் பிசுக்கும் துடைத்தால் போக வேண்டும் என்றால், அப்படிப்பட்ட பெயிண்ட் ஒரு புதுக் கம்பெனியிடம்தான் இருந்தது. பேர்கூடக் கேள்விப்படாத கம்பெனி. வேலையில் இருந்த காலத்தில் அதை ஸ்டோர் வாசலிலேயே நிறுத்தியிருப்பார். இப்போது வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டார். மேடைக்கு மேலே ஐந்து சதுரமாகத் தானே அடித்தார். பாதி சட்டையில் சொட்டியது.

இரண்டு நாள் அவள் பரீட்சை வைத்தாள். காலை வெயிலில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம், விளக்கைப் போட்டு ஒரு தரம். ஒவ்வொரு சதுரத்துக்கு முன்னாலும் தட்டு, டம்ளர், முட்டை என்று அவர் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

“தட்டைக் கொஞ்சம் மேல தூக்குங்க. ஆடாதீங்க. உங்க கை மறைக்குது.”

அப்படி நிற்கும்போது சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

“அன்னைக்குக் கடையில நான்...”

“பிரஷ்ஷைத் தண்ணியில போட்டீங்களா? காஞ்சுபோயிடும்.”

அவர் போய் பிரஷ்ஷைத் தண்ணீரில் போட்டார்.

நாலாவது சதுரத்தை அவள் தேர்ந்தெடுத்தாள். “இது வெறும் நீலம் இல்ல. சாம்பல் கலந்திருக்கு. கத்திரிக்காய்த் தோல் வெயில்ல வாடினா வருமே, அது” என்றாள். அவர் இன்னும் கிட்டே போய்ப் பார்த்தார். சாம்பல் இருக்கத்தான் செய்தது.

பெயிண்டர் வந்து டப்பாவைத் திறந்து பார்த்துத் தலையைச் சொறிந்தார். “வெள்ளை மேல போய் இதை அடிக்கச் சொல்றீங்களே சார், யாரு பாத்த கலரு?”

“அம்மா பாத்தது. எது எதுவரைக்கும்னு அவங்களைக் கேட்டு அடி” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அன்னைக்குக் கடையில நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுப்பா. நீயும் சிரிச்சிட்டே” என்றார்.

“என்னைக்கு சார்? நான் எங்க சிரிச்சேன்?” பெயிண்டருக்கு நிஜமாகவே நினைவில்லை. அவருக்கு அது ஆறுதலாக இல்லை. சிரித்தவன் மறந்துவிட்டான். சிரிக்க வைத்தவருக்கும் கேட்டுக்கொண்டு நின்றவளுக்கும்தான் அது மிச்சம்.

புதுக் கலர் வந்தபின் பெட்ஷீட் இறங்கியது, ஜன்னல் திறந்தது. கையை நீட்டாமல் அவள் உள்ளே போனாள். பத்து நாள் கழித்து, டீ ஊற்றிக்கொண்டிருந்தவளிடம் அவர் ஒரு வழியாகச் சொன்னார்:

“கடையில தப்பா பேசிட்டேன்.”

டீ விளிம்புக்கு ஒரு விரல் கீழே வந்ததும் நிறுத்திவிட்டு அவள் சொன்னாள்: “கண்ணு தெரியலன்னு சொன்னதுல தப்பு இல்லீங்க. அது உண்மைதானே. நான் அங்க இல்லாத மாதிரி பேசினீங்க பாருங்க, அதுதான்.”

“ஆமா” என்றார் அவர். அவள் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. அந்தத் தெரு வழியாகப் போக நேர்ந்தால், பெயிண்ட் கடை வருவதற்கு முன்பே, “எதிர்ப்பக்கம் போயிடலாம்” என்கிறாள். ஏன் என்று அவர் கேட்பதில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் வண்டி பார்த்து, ரோட்டைக் கடக்கிறார்.