கட்டாக்காலிக் கழுதைக்கு ஒரு வரைவிலக்கணம்

பாடசாலை நூலகத்தில் எட்டு வருடமாகத் தற்காலிக உதவியாளராக இருந்தேன். நிரந்தரமாக்க வேண்டுமானால் ஒரு சான்றிதழ் வேண்டும் என்று அதிபர் சொன்னார். நான் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள். யுத்தம் முடிந்து சில வருடங்கள் கழித்து, நாற்பத்தேழு வயதில், சனிக்கிழமைகளில் கற்பிட்டியிலிருந்து புத்தளத்துக்கு பஸ் ஏறிக் கட்டுரை எழுதும் வகுப்புக்குப் போனேன்.

விரிவுரையாளர் என்னைவிட மிகவும் இளையவர். விவரணக் கட்டுரை, வாதக் கட்டுரை, ஒப்பீட்டுக் கட்டுரை என்று வகைகள் உண்டு. எதை எழுதினாலும் முதலில் பதங்களுக்கு வரைவிலக்கணம் கொடுக்க வேண்டும் என்றார். முடிவில் ஆளுக்கொரு ஆய்வுக் கட்டுரை எழுதி, எல்லோர் முன்னாலும் நின்று வாசிக்க வேண்டும். அதில் சித்தியடைந்தால்தான் சான்றிதழ்.

நான் கழுதைகளைத் தேர்ந்தெடுத்தேன். எங்கள் வீதியில் அவை தாராளமாக நிற்கும். கழுதைகளோடு பேசத் தேவையில்லை என்பதும் ஆறுதலாக இருந்தது. ‘கட்டாக்காலிக் கழுதைகளை வீதியிலிருந்து அகற்ற வேண்டும்’ என்று தலைப்பு எழுதிக் கொடுத்தேன்.

“கட்டாக்காலி எண்டா என்ன?” என்றார் விரிவுரையாளர்.

“சொந்தக்காரர் இல்லாதது, சேர்.”

“இல்லையெண்டு யார் சொன்னது? ஆக்களிட்டக் கேட்டீங்களா?”

இறங்கும் இடம் வந்தாலும் பஸ்ஸை நிறுத்தச் சொல்ல வெட்கப்பட்டு, வேறு யாராவது இறங்கும் வரை போய்த் திரும்பி நடந்து வருகிறவள் நான். எப்படிக் கேட்பது? ஆகவே ஒரு வினாக்கொத்துத் தயாரித்தேன். பெயர், முகவரி, சொந்தக் கழுதைகளின் எண்ணிக்கை, கையொப்பம். பிரதியெடுத்து, எங்கள் வீதியில் வீடு வீடாகக் கொடுத்துவிட்டு ஓடி வந்தேன்.

ஒன்றை மறந்துவிட்டேன். எங்கள் வீதியில் பாதிப்பேர் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்கள். தகரமோ அரிசியோ நுளம்பு வலையோ, நிவாரணமாக எது வந்தாலும் அதற்கு முன்னால் இப்படி ஒரு படிவம் வந்திருக்கிறது.

மறுநாள் காலையில் என் வீட்டுப் படலையில் வரிசை. நாலாவது ஆள் பக்கத்து வீட்டு நானா.

“தங்கச்சி, எனக்கு நாலு போடுங்க.”

“நானா, உங்களிட்டக் கழுதை எங்க இருக்கு?”

“அந்தா நிக்குதே.”

“அதை மூணு பேர் எழுதிட்டாங்க.”

“பொய். அதுட மூஞ்சியப் பாருங்க, எங்கட வீட்டுச் சாயல்.”

“இது ஆய்வுக்கு, நானா.”

“ஓம் ஓம், ஆய்வுக்குத்தான். எப்ப குடுப்பாங்க?”

முருங்கையைக் கடித்ததற்காக ஒரு கழுதையைத் தும்புத்தடியோடு துரத்திய எதிர்வீட்டு ராத்தா, அதைத் தன் பிள்ளைபோல வளர்ப்பதாக எழுதிக் கொடுத்தார். பின்னேரம் படிவங்களைக் கூட்டிப் பார்த்தேன். அத்தனை கழுதைகளும் உண்மையில் இருந்தால் நாங்கள்தான் இடம்பெயர வேண்டியிருக்கும்.

இரண்டு நாள் கழித்து ஒரு கதை பரவியது. கழுதையை வீதியில் விட்டவர்களுக்குத் தண்டம் வரப்போகிறதாம், கணக்கெடுத்தது அதற்குத்தானாம். மறுபடியும் அதே வரிசை.

“தங்கச்சி, அந்த நாலையும் வெட்டுங்க.”

“உங்கட வீட்டுச் சாயல் எண்டீங்களே, நானா?”

“எங்கட வீட்டில ஆருக்கு இவ்வளவு பெரிய காது?”

ராத்தா தும்புத்தடியோடே வந்திருந்தார். நான் பழைய படிவங்களைத் திருப்பிக் கொடுக்கவில்லை. எல்லோருக்கும் புதிதாக ஒன்று கொடுத்தேன். எல்லோரும் ‘இல்லை’ என்று எழுதிக் கையொப்பமிட்டார்கள்.

இதை வைத்து எதை வாதாடுவது? அதே ஆட்களின் முதல் விடையையும் இரண்டாம் விடையையும் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பீட்டுக் கட்டுரையாக மாற்றினேன். சனிக்கிழமை வகுப்பின் முன்னால் தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் வரியை வாசித்தேன்.

“கட்டாக்காலிக் கழுதை என்பது, படிவம் எதற்காக வந்தது என்று தெரியும் வரை எல்லோருக்கும் சொந்தமாகவும், தெரிந்த பிறகு ஒருவருக்கும் சொந்தமில்லாமலும் இருக்கும் கழுதையாகும்.”

வகுப்பு வெடித்துச் சிரித்தது. என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள், சான்றிதழ் போய்விட்டது என்று நினைத்து, மிச்சத்தைத் தாளுக்குள்ளேயே வாசித்து முடித்தேன். விரிவுரையாளர் சிவப்பு மையில் எழுதித் தந்தார்: ‘வரைவிலக்கணம் நன்று. ஆதாரம் உண்டு. முதல் வரிக்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. சித்தி.’

திங்கட்கிழமை சான்றிதழையும் கட்டுரையையும் அதிபரிடம் கொண்டுபோனேன். நிரந்தர நியமனத்துக்கான சிபாரிசுக் கடிதம் அவருடைய மேசையில் இருந்தது. கையெழுத்திட முன் அவர் கட்டுரையின் பின்னால் குத்தியிருந்த படிவங்களைப் புரட்டி, ஒன்றில் நின்றார்.

“இது உங்கட கையெழுத்துத்தானே?”

எனக்குக் காது சுட்டது. படிவத்தைத் தயாரித்தவளே நான்தான். ஆனால் வரிசையில் நின்றவர்கள் அவ்வளவு உறுதியாக இருந்தார்கள். அன்று பின்னேரம், உண்மையிலேயே ஏதாவது கொடுப்பார்களோ என்று எனக்கே ஒரு சந்தேகம் வந்து, நானும் ஒன்று நிரப்பிவிட்டேன்.

“எத்தனை எழுதினீங்க?”

“ரெண்டுதான், மிஸ்.”

“அடுத்த படிவத்தில?”

“இல்லையெண்டு எழுதிட்டன், மிஸ்.”

அதிபர் பேனையின் மூடியைக் கழற்றிக் கையெழுத்திட்டார்.