கினிகத்தேனைக் கடையின் கடவுச்சொல்

கணினி பழுது பார்க்கிறவளுக்கு முதலில் வேண்டியது பொறுமை என்பார்கள். என்னிடம் அது கிடையாது. தோட்டத்து ஆபீஸ்கள், பள்ளிக்கூடங்கள், ரோட்டோரக் கடைகள் என்று இலங்கை மலையகத்து ஹட்டனைச் சுற்றி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்ட இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. போன் பண்ணுகிறவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்: "மிஸ், கம்பியூட்டர் வேல செய்யல." திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், "என்னமோ இங்கிலீசுல வந்துச்சுங்க, மூடிட்டேன்" என்பார்கள். டிஸ்க்கில் இடமில்லை என்று இயந்திரம் தெளிவாகச் சொல்லியிருக்கும். பழைய பதிவுகளை அழித்தால் முடிகிற காரியம். யாரும் வாசிக்காததால் நான் மழையில் பஸ் மாறி மாறி டயகம வரைக்கும் போய்ச் சேர்வேன். அங்கே போய் எரிந்து விழாமல் இருக்க எனக்குத் தெரியாது. ஆனாலும் திரும்பத் திரும்ப என்னையே கூப்பிடுகிறார்கள். வேறு ஆள் இல்லை என்பது காரணமாக இருக்கலாம்.

கினிகத்தேனையில் மெயின் ரோட்டை ஒட்டி ஒரு டைப்செட்டிங் கடை இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, மரண அறிவித்தல், கோயில் திருவிழா நோட்டீஸ், சர்ச்சுக்குப் பாட்டுத்தாள், சிங்களத்தில் மனு என்று எல்லா வேலையும் அங்கே நடக்கும். புருஷனும் பொஞ்சாதியுமாக நடத்தினார்கள். அவரை அண்ணன் என்பேன், அவர் மனைவியை அக்கா என்பேன். கடைக்குப் பின்னாலேயே அவர்கள் வீடு.

வருகிறவன் போகிறவன் எல்லாம் கொண்டுவரும் பென் டிரைவில் வைரஸ் வந்து கடையே படுத்துப்போன ஒரு சமயத்தில், அவர்களை லினக்ஸுக்கு மாற்றியவள் நான்தான். மேசைக்கு அடியில் ஒரு சின்ன சர்வரையும் வைத்தேன். ஊராரின் அடையாள அட்டைப் பிரதிகளும் படங்களும் அதில் இருக்கின்றனவே, யாராவது தூக்கிக்கொண்டு போனால் என்ன செய்வது என்று, அதன் டிஸ்க்கை முழுவதுமாகப் பூட்டி அமைத்தேன். அப்படிப் பூட்டினால் ஆன் செய்ததும் முதல் வேலையாக ஒரு கடவுச்சொல் கேட்கும். அதை அடித்தால்தான் மற்றதெல்லாம். அண்ணன் அதை அடித்தபோது நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். எங்கேயும் எழுதி வைக்காதீர்கள், யாரிடமும் சொல்லாதீர்கள் என்று நானே சட்டம் போட்டேன். என் வாடிக்கையாளர்களில் நான் சொன்னதை ஒழுங்காகக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

ஒருநாள் காலையில் கடை திறக்கும்போது அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் குழம்பிப்போனது. வார்த்தை வரும், ஆனால் நினைத்த வார்த்தை வராது. தண்ணீர் கேட்க நினைத்துச் செருப்பு என்பார். ஜன்னலை மூடச் சொல்ல வாயெடுத்து மாமா என்பார். எப்போதாவது சரியான வார்த்தையும் வரும். எது சரி, எது பிசகு என்று யாருக்குத் தெரியும்? பேச்சுத்தான் பாதித்திருக்கிறது, சொல்வது விளங்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். விளங்கும் என்று சொல்லவில்லை. நாலு பேர் வந்து பார்த்துவிட்டு, "பாவம், நெனவு தப்பிப்போச்சு" என்று அவர் முன்னாலேயே சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் தலையாட்டினாலும் அதை யாரும் பதிலாக எடுக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவர் பேசுவதையே விட்டுவிட்டு, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க ஆரம்பித்தார்.

இதற்கிடையில் காற்று மழையில் எங்கேயோ மரம் விழுந்து கரண்ட் போனது. யூ.பி.எஸ். எவ்வளவு நேரம்தான் தாங்கும்? கரண்ட் வந்ததும் சர்வர் தன் கேள்வியைக் கேட்டுக்கொண்டு நின்றது. அக்கா எனக்குப் போன் பண்ணினார். திரையில் என்ன இருக்கிறது என்று வழக்கமான எரிச்சலோடு கேட்டேன். அவர் ஒவ்வொரு எழுத்தாக, ஒன்று விடாமல் வாசித்தார். டிஸ்க்கின் பெயரைக்கூட விடவில்லை. அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

நான் போனபோது கடையில் அண்ணனின் தம்பியும் இருந்தார். கொழும்பில் வேலை செய்கிறவர். அவர் எப்படி அங்கே வந்தார் என்பது ஒரு கூத்து. எனக்குப் போன் பண்ணுவதற்கு முதல்நாளே அக்கா கணவரிடம் பாஸ்வேர்ட் என்னவென்று கேட்டிருக்கிறார். அவர் சிரமப்பட்டு, "கொழுந்து" என்றிருக்கிறார். அக்காவின் காதில் அது கொழுந்தன் என்று விழுந்தது. புருஷனின் தம்பி கொழுந்தன்தானே, அவருக்குத்தான் தெரியும் போலிருக்கிறது என்று நினைத்துக் கொழும்புக்குப் போன் போட்டுவிட்டார். தம்பியும் அண்ணன் தன்னைத் தேடுகிறார் என்று லீவு போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார். வந்து பார்த்தால், கம்பியூட்டரின் சாவியை அவரிடம் கேட்கிறார்கள்.

"எனக்கு என்னாங்க தெரியும்? நான் இந்தக் கடைக்கு வந்தே வருசக்கணக்கு ஆச்சு" என்றார் தம்பி.

லினக்ஸில் நுழைவுக் கடவுச்சொல் மறந்துபோனால் பரவாயில்லை. வேறு வழியாக உள்ளே போய் மாற்றிவிடலாம். இது அப்படியல்ல. டிஸ்க்கில் உள்ள ஒவ்வொரு எழுத்தையும் அந்தச் சொல்தான் குழப்பி வைத்திருக்கிறது. சொல் இல்லையென்றால் உள்ளே இருப்பது வெறும் குப்பை. நகல் எடுத்து வைத்த டிஸ்க்கும் அதே சொல்லால் பூட்டியதுதான். அக்காவிடம் மறைக்காமல் சொன்னேன்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தங்கச்சி, டிஸ்க்கு போனாப் போகட்டும். டிசைன் எல்லாம் திரும்பப் போட்டுக்கலாம். அவருக்கு நாம பேசுறது வெளங்குதா இல்லியா? அது தெரியாமத்தான் எனக்குத் தூக்கமே இல்ல. வெளங்குதுன்னா நான் எப்பிடியாவது இந்தக் கடைய ஓட்டிருவேன். வெளங்கலேன்னா, தம்பி சொல்ற மாதிரி கடைய வித்துட்டுக் கொழும்புக்குப் போறதுதான்."

பின்னறைக்குப் போனோம். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் முன் குனிந்து, "அண்ணே, சர்வர் பாஸ்வேர்ட் என்னாங்க?" என்று கேட்டேன். என் முகத்தையே பார்த்தார். வாய் கோணி, நெற்றி வியர்த்து, "கொழுந்து" என்றார். எனக்கு அது கொழுந்து என்றுதான் கேட்டது. தேயிலைக் கொழுந்து. தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்த மனிதர் கடவுச்சொல்லாக அதை வைப்பதில் அதிசயமில்லை. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

ஓடிப்போய் ஆங்கில எழுத்தில் அடித்தேன். திறக்கவில்லை. இந்த ஒரு சொல்லை நம் ஆட்கள் ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுவார்கள்! ழகரத்துக்கு ஒருவர் ஒரு எழுத்துப் போடுவார், இன்னொருவர் இரண்டு போடுவார். முதலெழுத்தைப் பெரிதாக்கினேன், பின்னால் எண் சேர்த்தேன். சில முறை தவறினால் அது கோபித்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கும். நானும் கோபித்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினேன். யூனிகோட் என்கிற ஒருங்குறித் தமிழை அந்த இடத்தில் அடிக்க முடியாது. கடைசியில் கை ஓய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

"நான்தான் சொன்னேனே, அண்ணி" என்றார் தம்பி. அவர் கெட்ட மனிதரில்லை, கண் கலங்கியிருந்தது. "அவரு வாயில வர்றது எதுவும் அவருக்கே தெரியாது. செருப்புங்கிறாரு, மாமாங்கிறாரு, இப்ப கொழுந்துங்கிறாரு. அத நம்பிக்கிட்டு எவ்வளவு நாளைக்கு இருக்கப்போறீங்க?"

அக்கா என்னைப் பார்த்தார். டிஸ்க்கை அழித்துப் புதிதாகப் போட்டுத் தருகிறேன் என்றேன். அவர் முகம் செத்துப்போனது. எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

அந்த நேரம் பார்த்து, பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒருவர் மரண அறிவித்தல் அடிக்க வந்தார். அவருடைய தகப்பனார் இறந்திருந்தார். எப்படித் திருப்பி அனுப்புவது? வாங்குப் பலகையில் உட்காரச் சொல்லிவிட்டு, என் மடிக்கணினியை அக்காவிடம் கொடுத்தேன். அவர் தன் பென் டிரைவிலிருந்த பழைய அறிவித்தல் ஒன்றைத் திறந்தார், பெயரையும் ஊரையும் மாற்றினால் போதும் என்று. என் கணினியில் அவர்களுடைய பாமினி எழுத்துரு இல்லை. அதனால் தமிழுக்குப் பதிலாகத் திரை முழுக்க ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கோணல்மாணலாகக் கிடந்தன. உச்சியில் இப்படி இருந்தது:

kuz mwptpj;jy;

"இருங்கக்கா, எழுத்துரு போட்டுத் தர்றேன்" என்றேன்.

"வேணாம் தங்கச்சி" என்றவர், விரலை வைத்துக்கொண்டு கடகடவென்று வாசித்தார். "மரண அறிவித்தல். இதுல 'அன்னாரின் பூதவுடல்'னு இருக்கு பாருங்க, அதுக்குக் கீழதான் நேரத்த மாத்தணும்."

எனக்குப் பொறி தட்டியது. பாமினி என்பது வெறும் எழுத்துரு. அடிப்பதெல்லாம் ஆங்கில விசைகள்தான். அந்த விசைகளுக்குத் தமிழ் முகமூடி போட்டுக் காட்டுவது மட்டுமே அதன் வேலை. இவர்களைப் போல வருடக்கணக்காக அதில் அடித்தவர்களுக்கு அந்த முகமூடியே தேவையில்லை. கடவுச்சொல் கேட்கும் இடத்தில் திரையில் எதுவும் தெரியாது, நட்சத்திரம்தான் விழும். அண்ணனுக்குக் கொழுந்து என்றால் ஆங்கிலத்தில் எழுதிப் பார்க்கும் கொழுந்து இல்லை. அவர் விரல்கள் தினமும் அடித்த கொழுந்து. சர்வரை அமைத்த அன்று, இது வலுவான கடவுச்சொல் என்று திரை பச்சை காட்டியதும், மனிதர் நல்ல கெட்டிக்காரர் என்று நான் நினைத்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன.

"அக்கா, இங்க வாங்க. பாமினியில அடிக்கிற மாதிரியே கொழுந்துன்னு அடிங்க. திரையப் பாக்காதீங்க."

அக்கா மேசைக்கு அடியிலிருந்த விசைப்பலகையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். விரல்கள் யோசிக்கவே இல்லை.

nfhOe;J

திரையில் நட்சத்திரங்கள் மட்டும் விழுந்தன. ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு டிஸ்க் திறந்துகொண்டது. வெள்ளை எழுத்துகள் வரிவரியாக மேலே ஓட ஆரம்பித்தன. நான் கத்திவிட்டேன். வாங்கில் இருந்த மனிதர் திடுக்கிட்டு எழுந்து நின்றார். துக்கத்தோடு வந்தவர் முன்னால் இப்படிச் செய்துவிட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

அக்கா திரையைப் பார்க்கவில்லை. விசைப்பலகையைக் கீழே வைத்துவிட்டுப் பின்னறைக்கு ஓடினார். தம்பியும் நானும் பின்னால் போனோம்.

"தொறந்துருச்சுங்க" என்றார் அக்கா, கணவரின் முன்னால் தரையில் உட்கார்ந்து. "நீங்க சரியாத்தான் சொன்னீங்க. எங்களுக்குத்தான் வெளங்கல."

அண்ணன் சுவரிலிருந்து பார்வையைத் திருப்பினார். மனைவியைப் பார்த்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைக்க வலது கையைத் தூக்கப் பார்த்து, முடியாமல் இடது கையால் துடைத்துக்கொண்டார். அக்கா சிரித்தார், அழுதார், இரண்டையும் ஒன்றாகச் செய்தார்.

பிறகு அக்காவின் சிரிப்பு மெல்ல நின்றது.

"அப்பன்னா, நாங்க பேசுனது எல்லாம் வெளங்குச்சா உங்களுக்கு?"

அவர் தலையை ஆட்டினார்.

"கடைய விக்கிறதப் பத்திப் பேசுனது?"

ஆட்டினார். தம்பி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

அக்கா அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்கு என் கூடப்பொறந்த தங்கச்சிகிட்ட போன்ல... இப்பிடிக் கெடந்து சீரழியிறதுக்கு அன்னைக்கே போய்ச் சேந்திருந்தா அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதின்னு... பக்கத்துல உக்காந்துக்கிட்டே சொன்னேனே. அதுவுமா?"

அவர் உடனே ஆட்டவில்லை. மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாக, ஒரே ஒரு தடவை ஆட்டினார்.

அக்கா அவர் முழங்காலில் நெற்றியை வைத்து அழுதார். நாங்கள் இரண்டு பேரும் அங்கே நிற்கவும் முடியாமல், போகவும் முடியாமல் நின்றோம். அண்ணன் இடது கையை அவர் தலையில் வைத்தார். வாயைத் திறந்தார். "கதவு" என்றார். இல்லை என்று தலையசைத்தார். மறுபடி முயன்றார். "பஸ்" என்றார். அதுவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு அடுத்ததைத் தேடினார். அக்கா நிமிர்ந்து, கண்ணைத் துடைக்காமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடையிலிருந்து அந்த மனிதர் தயங்கித் தயங்கிக் குரல் கொடுத்தார். "அக்கா, நோட்டீஸ் இன்னும் லேட்டாகுங்களா?"

"கொஞ்சம் இருங்கண்ணே" என்றார் அக்கா, திரும்பிப் பார்க்காமல். "எங்க வீட்டுக்காரர் பேசிக்கிட்டு இருக்காரு."