மெட்டு ஏற ஒரு ஆயில் கூலர்

எங்கள் ஜீப்பை ஓட்டுவது என் மகள். விடியும் முன் கோம்பையில் பன்னிரண்டு பெண்களை ஏற்றிக்கொண்டு, கம்பம் வழியாக மெட்டு என்கிற மலைப்பாதை ஏறி, ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுக்க இறக்கிவிடுவாள். அந்தப் பன்னிரண்டு பேரில் நானும் ஒருத்தி. முன்சீட்டில் கியர் கம்பிக்குப் பக்கத்தில் என் இடம். அங்கே உட்கார்ந்தால் யாருடனும் பேச வேண்டியதில்லை. எதிரில் இருக்கிற மீட்டர் முட்களைப் பார்த்துக்கொண்டே போகலாம். அப்படிப் பார்த்துப் பார்த்தே எந்த முள் எதற்கு என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

போன புரட்டாசியில் ஆயில் பிரஷர் காட்டுகிற முள் வம்பு செய்ய ஆரம்பித்தது. சமவெளியில் நிமிர்ந்து நிற்கும். மலையில் நாலாவது வளைவு தாண்டியதும் சோர்ந்து கீழே சாயும். மகள் ஓரம் கட்டி பானெட்டைத் திறந்து வைப்பாள். கருகின எண்ணெய் வாடை வரும். நாங்கள் இறங்கி ரோட்டோரம் உட்காருவோம். பின்னால் வந்த ஜீப்புகள் ஒவ்வொன்றாக எங்களைத் தாண்டிப் போகும். “என்னத்தா, வழியிலயே காய் எடுக்க இறங்கிட்டீகளா?” என்று அதிலிருக்கும் பெண்கள் கேட்டுவிட்டுப் போவார்கள். எங்களோடு வரும், சர்ச்சுக்குப் போகிற வேதக்கார அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது. அவளும் பதிலுக்கு ஏதாவது சொல்லி அனுப்புவாள்.

கேலியைத் தாங்கிக்கொள்ளலாம். தோட்டத்து சூப்பர்வைசர் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. ஒரே வாரத்தில் மூன்று நாள் நாங்கள் பிந்திப் போனோம். மூன்றாம் நாள் அவர், வரும் வாரமும் இப்படியே வந்தால் வேறு வண்டி ஆட்களை வைத்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டார். அவர் கெட்டவர் இல்லை, அவருக்கும் மேலே ஆள் இருக்கிறார்கள். ஆனால் அந்தத் தோட்டம் போனால் என் மகளுக்கு ஓட்டம் இல்லை, பன்னிரண்டு வீட்டுக்கு வேலை இல்லை.

சனிக்கிழமை வண்டியை உத்தமபாளையத்து மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். அவர் ரேடியேட்டர் தண்ணீரைப் பார்த்தார், ஃபேனைச் சுற்றிப் பார்த்தார், எல்லாம் சரி என்றார். ஆயில் அளக்கும் கம்பியை உருவிக் காட்டினார். ஆயில் ரசம் மாதிரி ஓடியது.

“தண்ணி நல்லாத்தேன் இருக்கு தங்கச்சி. லோடு ஏத்தி மெட்டு ஏறுறப்ப ஆயில் சூடாகி நீத்துப்போயிருது. அதை ஆத்துறதுக்குன்னு தனியா ஒண்ணு வைக்கணும்.”

அதுதான் ஆயில் கூலர். இன்ஜினிலிருந்து ஆயில் ஓஸ் என்கிற ரப்பர்க் குழாய் வழியாக வண்டியின் முன்பக்கம் வரும். அங்கே மெல்லிய தகடு தகடாக அடுக்கின ஒரு பெட்டிக்குள் ஓடும். தகட்டுக்கு நடுவே எதிர்காற்று புகுந்து சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ஆறின ஆயில் இன்னொரு ஓஸ் வழியாகத் திரும்பும். டீக்கடையில் ஆற்றுவதைப் போலத்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மகள் இதையெல்லாம் ஏற்கெனவே போனில் பார்த்து வைத்திருந்தாள். கடையில் இருப்பதிலேயே பெரியதை வைக்க வேண்டும் என்பது அவள் கட்சி. மெக்கானிக் ஒத்துக்கொள்ளவில்லை. கூலர் ரேடியேட்டருக்கு முன்னால்தான் உட்காரும், பெரியதாக வைத்தால் ரேடியேட்டருக்குப் போகும் காற்றை அது மறைத்துவிடும், அப்புறம் தண்ணீர் கொதிக்கும் என்றார். இன்ஜின் உடைந்த ஒரு லாரியில் கழற்றின பழைய கூலர் கடையில் கிடந்தது. மகள் அதை எடுத்துப் பார்த்தாள். அவர் அதை அவள் கையிலிருந்து வாங்கி ஓரமாகப் போட்டார். உடைந்த இன்ஜினின் இரும்புத்தூள் உள்ளே ஒட்டியிருக்கும், எத்தனை தடவை கழுவினாலும் போகாது, நம் இன்ஜினுக்குள் வந்து அதையும் தின்றுவிடும் என்றார். கடைசியில் இரண்டு சாண் அகலத்தில் ஒரு புதுக் கூலர் முடிவாயிற்று.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. மகள் காதில் சொன்னேன். அவள் சத்தமாகக் கேட்டுவிட்டாள்: “மேல பனி அடிக்கும்ல, அண்ணே. காலங்காத்தால ஆயில் ரொம்ப குளுந்து கெட்டியாகிராதான்னு அம்மா கேக்குது.”

மெக்கானிக் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஃபில்டருக்கு அடியில் ஒரு பிளேட் வரும், அதில் வால்வு உண்டு, ஆயில் சூடாகும் வரை கூலர் பக்கம் விடாது என்று விளக்கினார். “பெரியம்மா என்னையவே கேக்கலாம்ல. நல்ல கேள்விதேன்” என்றார். நான் அந்தப் பழைய கூலரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆனாலும் வீடு வரும் வரை அந்த ‘நல்ல கேள்விதேன்’ என் கூடவே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை தோட்டம் லீவு. காலையிலேயே வேலை ஆரம்பித்தது. மெக்கானிக் பழைய ஆயிலை வடித்தார். ஃபில்டரைக் கழற்றி, நடுவில் அந்தப் பிளேட்டை வைத்து, மறுபடி ஃபில்டரை முடுக்கினார். கிரில்லுக்குப் பின்னால் இரண்டு பட்டை அடித்துக் கூலரைத் தொங்கவிட்டார். ஓஸ் எங்கே உரசும் என்று மகள் கையை விட்டுத் தடவிப் பார்த்து, அந்த இடத்தில் பழைய டியூப்பை வெட்டிச் சுற்றினாள். புது ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்து அணைத்ததும் அளவு இறங்கியிருந்தது. கூலரும் தன் பங்குக்குக் கொஞ்சம் குடித்திருக்கிறது என்று இன்னும் ஊற்றினார். ஒரு சொட்டுக் கசிவு இல்லை. மகள் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தபோது மூக்கெல்லாம் கறுப்பு. சிரித்துக்கொண்டே இருந்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பல நாள் ஆகியிருந்தது.

எங்கள் பக்கம் வண்டிக்குப் புதுச் சாமான் எது வைத்தாலும் சந்தனம் குங்குமம் வைக்காமல் முதல் சவாரி எடுக்க மாட்டோம். டயர் மாற்றினாலும் உண்டு, பேட்டரி மாற்றினாலும் உண்டு. திங்கட்கிழமை நான் முன்னதாக எழுந்து, சந்தனத்தூளும் மஞ்சளும் பன்னீர் விட்டுக் கெட்டியாகக் குழைத்தேன். கூலருக்கு ஒரு பொட்டு வைத்திருந்தால் போதும். மகள் சிரித்த சந்தோஷத்தில், கிரில் வழியாகக் கையை விட்டு அதன் முகம் முழுக்கப் பூசினேன். ஏற வந்த பெண்களும் ஆளுக்கு ஒரு கை அப்பினார்கள். வேதக்கார அக்கா ஈரச் சந்தனத்தில் விரலால் ஒரு சிலுவை கீறினாள். “ரெண்டு சாமியும் சேந்து தள்ளட்டும்” என்றாள்.

நாலாவது வளைவு தாண்டியது, முள் அசையவில்லை. ஐந்தும் தாண்டியது. பின்னால் குலவை போட்டார்கள். ஏழாவதில் முள் மெல்லச் சாய்ந்தது. ஒன்பதாவதில் வண்டி நின்றது. இறங்கி ரோட்டோரம் உட்கார்ந்தோம். அன்றைக்கும் பிந்தித்தான் போனோம். சூப்பர்வைசர் கோபப்படவில்லை. நாளை ஒரு நாள் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னார். அன்று முழுக்கக் காய் எடுத்தேன், கையில் என்ன வந்தது என்று எனக்கே தெரியாது.

மாலையில் திரும்புகிற வழியில் மெக்கானிக் கடையில் நின்றோம். அங்கே நாலைந்து ஆண்கள் நின்றிருந்தார்கள். அவர் இரண்டு ஓஸையும் தொட்டுப் பார்த்தார். ஆயில் ஓடத்தான் செய்கிறது, போகிற ஓஸும் வருகிற ஓஸும் ஒரே சூடு, அப்படியென்றால் ஆறவில்லை என்றார். தங்கச்சி சொன்ன பெரியதையே வைத்திருக்க வேண்டும், தப்பு என்னுடையது என்றார். பெரியது கோயம்புத்தூரிலிருந்து வர ஒரு வாரம் ஆகும். மகள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

ஆறவில்லை என்றதும் எனக்கு டீ ஆற்றுகிற நினைப்பு வந்தது. காற்று பட்டால்தானே ஆறும். இறங்கிப் போய் கிரில் முன்னால் குனிந்து பார்த்தேன். நான் பூசின சந்தனம் வெயிலிலும் சூட்டிலும் காய்ந்து, சுவர் பூச்சு மாதிரி இறுகிக் கிடந்தது. தகட்டுக்கு நடுவே ஊசி போக இடமில்லை. எங்கள் ஊரில் சந்தனம் பூசாத வண்டி ஏது? அதனால்தான் யார் கண்ணுக்கும் அது படவில்லை.

மகளைக் கூப்பிட்டுக் காதில் சொல்லலாம் என்று பார்த்தேன். அதற்குள் மெக்கானிக் கூலரைக் கழற்ற ஸ்பேனரை எடுத்துவிட்டார்.

“தம்பி, கழத்தாதீக” என்றேன். எல்லாரும் திரும்பினார்கள். “அது மேல குத்தமில்ல. நாந்தேன் சந்தனத்தை அப்பி வச்சிருக்கேன். காத்து போக வழியில்ல.”

அவர் குனிந்து விரலால் சுரண்டினார். ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். “சாமிக்குச் சந்தனக்காப்பு போடுற மாதிரில்ல மூடியிருக்கீக, பெரியம்மா. நானும் பாத்துக்கிட்டேதான இருந்தேன்.” நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். “எஞ் சிலுவையும் அங்கனதேன் கெடக்கு, நானும் கூட்டு” என்றாள் அக்கா. எனக்கு முகம் எரிந்தது. ஆனால் மகள் தலை நிமிர்ந்துவிட்டாள், அது போதும்.

தண்ணீரை வேகமாக அடித்தால் தகடு மடங்கிவிடும் என்றார் மெக்கானிக். ஒரு மக்கில் வெந்நீரும் பழைய பல் பிரஷும் கொடுத்தார். ஊறவைத்து, தகடு போகிற போக்கிலேயே தேய்த்தேன், குறுக்கே தேய்க்கவில்லை. மடங்கின இரண்டு தகட்டை என் சேலை ஊக்கால் நிமிர்த்தினேன். குருத்து ஒடியாமல் காய் எடுக்கிற கைக்கு இது பெரிய வேலையில்லை. வடிந்த மஞ்சள் தண்ணீரில் தரை மணத்தது. கடைசியில் அவர் பின்னால் விளக்கைப் பிடித்தார். தகட்டுக்குத் தகடு வெளிச்சம் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை யாரும் குலவை போடவில்லை. வளைவை மட்டும் வாய்க்குள் எண்ணினார்கள். ஒன்பதாவதில் மகள் என்னைப் பார்த்தாள். நான் முள்ளைப் பார்த்தேன், நிமிர்ந்தே நின்றது. “பிரஷர் இருக்குத்தா, நீ போ” என்றேன். முன்னால் போன ஜீப்பை அவள் முந்தியபோது பின்னால் எழுந்த சத்தத்தில் எண்ணுவது நின்றுபோயிற்று.

மேலே போய்ச் சேர்ந்தபோது சூப்பர்வைசரே வந்திருக்கவில்லை. தோட்டத்து வாசல் டீக்கடையில் எல்லாரும் டீ குடித்தோம். அவர் வந்து வண்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மணியைப் பார்த்தார்.

“நாளையும் இதே சமயம் வந்தா மதி” என்றார் என் மகளிடம், போதும் என்பதை மலையாளத்தில். “வேற வண்டி வேண்டாம்.”

அவள் சரி என்று தலையாட்டிவிட்டு, டீக்கடைக்காரரிடம் இன்னொரு பன் கேட்டாள்.