வாரியல் பிடித்த கை

உதவி செய்ய ஓடிவரும் குழந்தையை அடிக்க எப்படித்தான் மனம் வருகிறது? எனக்கு இன்னும் விளங்கவில்லை.

காலையில் கூடத்தைப் பெருக்கும்போது என் இரண்டு வயது மகன் வாரியலைப் பிடித்து இழுத்து, தானும் பெருக்கினான். மாமியார் அவன் கையில் பட்டென்று ஒன்று வைத்தார்.

"ஏளா, ஆம்பளப் பிள்ளை கையில வாரியலைக் கொடுத்திருக்கியே, ஒனக்குப் புத்தி இருக்கா?"

அதே சத்தத்தை இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால், எழுபதுகளில், தூத்துக்குடியில் எங்கள் வீட்டு முற்றத்தில் கேட்டிருக்கிறேன். அம்மா சாளை மீன் அரிந்த இடமெல்லாம் செதில் மினுங்கும், கவிச்சி வீசும். அம்மா தினமும் பெருக்குவதைப் பார்த்துவைத்திருந்த தம்பி, நடை பழகிய கையோடு ஒருநாள் வாரியலை இழுத்துவந்தான். துறைமுக வேலை முடிந்து வந்த அப்பா அவன் கையில் அடித்தார்.

"அக்காக்காரி சும்மா நிக்கா, நீ பெருக்குதியாலே?"

வாரியலைப் பிடுங்கி என்னிடம் கொடுத்தார். எனக்கு ஐந்து வயது.

இப்போது ஊரில், தம்பி வீட்டில், அம்மா படுக்கையில் கிடக்கிறாள். அவள் சிந்திய கஞ்சியைத் தாண்டிப் போய், "அக்கா எப்ப வந்து தொடைப்பா?" என்று அவளிடமே கேட்கிறான் தம்பி. ஊரே அவனைத் திட்டுகிறது. எனக்கு அப்பா மேல்தான் ஆத்திரம் பொங்குகிறது.

சாயங்காலம் மறுபடி வாரியலை எடுத்தேன். மகன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். மாமியாரை எதிர்த்துப் பேசிப் பழகாத நான், அந்தக் கைகளை எப்படி முன்னே கொண்டுவருவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.