வேலிப் பக்க வாட்டம்

புது வீட்டின் தட்டைக் கூரையில் ரப்பர் விரிப்பு ஒட்டுமுன், தண்ணீர் ஓடுவதற்கு வேலிப் பக்கமாகச் சற்றுச் சரித்து வாட்டம் வைப்போம் என்றார் மேசன்.

"தண்ணி வேலிக்கு அங்காலை விழுந்தா உவன் வழக்குக்கு வருவான். நான் போய் உவனைக் கெஞ்சுறதோ?" என்றேன்.

வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரர் வாழைக்குப் பாத்தி கட்டுவது தெரிந்தும் நான் குரலைத் தாழ்த்தவில்லை. நினைத்தால் இன்றும் கூசுகிறது. ரப்பர்தானே, ஒழுகாது என்று, வாட்டமே இல்லாமல் மட்டமாக முடிக்க வைத்தேன்.

முதல் மழைக்கே கூரையில் குளம் கட்டியது. ஓரத்தில் விரிப்புக் கிளம்பி, சாமியறைக்குள் ஒழுகியது. நான் கூரையில் ஏறி வாளியால் இறைப்பதைக் கண்டு, பக்கத்து வீட்டுக்காரர் தன் வாளியோடு ஏறி வந்தார். கூரை வற்றும்வரை கூடவே இறைத்தார். நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

"தண்ணியை எங்கடை வாழைக்கு விட்டிருக்கலாம், அண்ணை," என்றார். "உவன் வழக்குக்கு வரமாட்டான்."